தையலுக்கு விட்டது

கல்லூரியில் அவளுக்கு டெய்லரக்கா என்று பெயர். முதல் நாளே ஒட்டிக்கொண்ட பெயர் அது. அவள் வகுப்புக்குள் நுழைந்ததும் ஆசிரியைதான் வந்துவிட்டார் என்று மொத்த வகுப்பும் எழுந்து நின்றது. பின்னால் யாரோ பெரியவர்கள் வருகிறார்கள் போல என்று அவளும் திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை. "உக்காருங்கப்பா, நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசைக்கு நடந்தாள். கடையிலிருந்து நேராக வந்தவள் கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்திருந்தாள். அது போதாதா பிள்ளைகளுக்கு?

வயது முப்பத்துநான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது அப்பா படுத்த படுக்கையானார். தையல் கடையை அண்ணன் ஒற்றை ஆளாக இழுக்க முடியாமல் திணற, இவள் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடையில் உட்கார்ந்தாள். பிறகு கட்டிக்கொடுத்தார்கள். போன இடம் சரிப்படவில்லை. அதையும் விட்டுவிட்டு வந்தாள். அங்கே என்ன நடந்தது என்று அவள் யாரிடமும் வாய் திறந்ததில்லை, எனவே நாமும் துருவ வேண்டாம். ஆனால் சொந்தபந்தம் சும்மா இருக்குமா? "எதையும் பாதியில விட்டுட்டு வர்றவ" என்று முத்திரை குத்திவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால் சொன்னாலாவது பரவாயில்லை. சோறு போட்டுக்கொண்டே சொல்வார்கள்.

படிக்கப் போனதற்குக் காரணம் ஆசை என்று சொன்னால் பாதி பொய். கோபம்தான் காரணம். கடைக்குப் பின்னால் ஓர் அறை சேர்த்துக் கட்டியபோது மேஸ்திரி வெட்டுமேசையில் வரைபடத்தை விரித்து வைத்திருந்தார். இவள் எட்டிப் பார்த்தாள். முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டு என்று தனித்தனியாகப் போட்டிருந்தது. "இது என்ன பெரிய விஷயம், நாங்க சட்டை வெட்டுற மாதிரிதானே இருக்கு" என்றாள். மேஸ்திரி தாளைச் சுருட்டிக்கொண்டே சொன்னார்:

"இதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம்மா. நீ போய் காஜா எடு."

பொத்தானுக்குத் துளை போட்டு ஓரம் தைப்பதுதான் காஜா. கடையில் நேற்றுச் சேர்ந்த ஆளிடம் கொடுக்கிற வேலை. பதினெட்டு வருடம் கத்திரி பிடித்தவளைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அவளுக்கோ மூக்கின் மேல் கோபம். அந்த மேஸ்திரி கையால் பூசிய சுவர் காய்வதற்குள் பத்தாம் வகுப்புத் தேர்வுக்குத் தனியாகப் பணம் கட்டிவிட்டாள். எழுதித் தேறினாள். பிறகு மாலைக் கல்லூரியில் கட்டட வரைபடப் படிப்புக்கு இடம் கிடைத்தது. அண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். அண்ணி மட்டும், "போயிட்டு வா, சாயங்காலம் கடையை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

கல்லூரி என்றால் வகுப்பு, வகுப்பு என்றால் காது என்றுதான் அவள் நினைத்திருந்தாள். வந்தாள், கேட்டாள், குறித்துக்கொண்டாள், மணியடித்ததும் யாரிடமும் பேசாமல் கிளம்பினாள். துணி வாங்கிக்கொண்டு போய்த் தைத்துக் கொடுக்கிற மாதிரி, பாடத்தையும் வாங்கிக்கொண்டு போய் வீட்டில் படித்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. சிமெண்ட், மணல், கம்பி என்று மற்றப் பாடங்களில் அந்தக் கணக்கு செல்லுபடியானது. வரைபடத் தாளில் மட்டும் குப்புற விழுந்தாள்.

அதுவும் எப்படி? அவள் போட்ட கோடுகளைப் பார்த்து வகுப்பே வாயைப் பிளந்தது. அப்படிச் சுத்தம், ஒரு நடுக்கம் இல்லை, ஓர் அழிப்பு இல்லை. ஆனால் அவள் வரைந்த வீடு மட்டும் பெருத்துக்கொண்டே போனது. இடது சுவரில் ஆரம்பித்து ஒவ்வோர் அறையாக வலது பக்கம் போக வேண்டும். முதல் அறை சரியாக இருப்பது போல இருக்கும். நான்காவது அறைக்குப் போகும்போது வெளிச்சுவர் இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். ஒருமுறை ஆசிரியை சிவப்பு மையில், "குளியலறை பக்கத்து வீட்டுக்காரர் மனையில் இருக்கிறது" என்று எழுதிக் கொடுத்தார். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. அவளும் சிரித்து வைத்தாள். வீட்டுக்குப் போய் ஒவ்வோர் அறையையும் திரும்ப அளந்து பார்த்தாள். அளவு சரியாகத்தான் இருந்தது. பேயறைந்தவள் போல உட்கார்ந்திருந்தாள்.

பருவத் தேர்விலும் அதே கதை. தாளில் கோட்டை விட்டாள். வரைபட ஆசிரியை அவளைவிட வயதில் சின்னவர், கறார் பேர்வழி, ஆனால் வஞ்சனை இல்லாதவர். அறைக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார்.

"உங்க கோடு மாதிரி இந்தக் காலேஜ்லயே யாருக்கும் வராது. அளவுலதான் கவனம் போதல. வேலை, வீடுன்னு அலையறீங்க, எனக்குப் புரியுது. ஆனா மறுதேர்வுலயும் போச்சுன்னா ரெண்டாவது வருஷம் போக முடியாது. இடம் போயிடும். அது என் கையில இல்ல."

கவனம் போதவில்லை என்ற ஒரு சொல் அவளைச் சுட்டது. முட்டாள் என்று திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு அளந்தவளுக்குக் கவனம் இல்லையாம். சரி, நமக்கும் இதற்கும் ராசியில்லை என்று அன்றைக்கே வரைபலகையைத் தூக்கிக்கொண்டு பொருளறைக்கு நடந்தாள். பலகை கல்லூரியுடையது. திருப்பிக் கொடுத்துவிட்டால் கதை முடிந்தது.

பொருளறை வாசலில் சோடாபுட்டி நின்றுகொண்டிருந்தாள். வகுப்பிலேயே தடித்த கண்ணாடி அவளுடையது, அதனால் அந்தப் பெயர். பகலில் மருந்துக் கடையில் வேலை. கணக்கில் புலி. கோடு போடச் சொன்னால் மட்டும் புழு நெளிகிற மாதிரி போடுவாள். அவளுக்கும் வரைபடத் தாள் போயிருந்தது.

"பலகையை எங்கக்கா தூக்கிட்டுப் போறீங்க?"

"குடுத்துட்டு வந்துடறேன். எனக்கு வராதுடி இது."

"நீங்க போயிட்டா எனக்கு யாரு கோடு சொல்லித் தர்றது? உங்ககிட்ட எப்படிக் கேக்கறதுன்னு ஆறு மாசமா முழிச்சிட்டு இருக்கேன். மணியடிச்சதும் காத்தா பறந்துடறீங்க."

இந்தக் கட்டடத்தில் தன்னிடம் கேட்பதற்கு ஒருத்திக்கு ஏதோ இருக்கிறது என்பது டெய்லரக்கா எதிர்பார்க்காத சேதி. பொருளறைக்காரர் பலகையை வாங்கக் கை நீட்டினார். "நாளைக்குத் தர்றேங்க" என்று திரும்பிவிட்டாள்.

படிக்கட்டுக்கு அடியில் கால் ஆடுகிற ஒரு பெஞ்சு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேரும் அதில் உட்கார்ந்தார்கள். இவள் கோடு சொல்லித் தர வேண்டும், அவள் கணக்கு சொல்லித் தர வேண்டும், அதுதான் ஒப்பந்தம். சொல்லித் தருவது என்றால் லேசா? கை செய்கிற வேலையை வாய் சொல்ல வேண்டும். அவள் கை இதுவரை யாருக்கும் விளக்கம் கொடுத்ததில்லை.

"பென்சிலை அழுத்தாத. இப்படிச் சாய்ச்சுப் பிடி. மூச்சை விட்டுட்டு ஒரே இழுப்பு. நிக்காத."

சோடாபுட்டி சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜாதி. பிற்பகல் முடிவதற்குள் அவள் கோடு நிமிர்ந்துவிட்டது. முழு வீட்டையும் வரைந்து முடித்துத் தலையைச் சாய்த்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள்.

"அக்கா, என் வீடும் பெருத்துடுச்சு. எனக்கு கோடுதான் கோணும், அளவு தப்பவே தப்பாது. நீங்க சொன்ன மாதிரிதான் போட்டேன்."

"எப்படிப் போட்ட, சொல்லு."

"அளந்து புள்ளி வச்சேன். அப்புறம் நீங்க சொன்ன மாதிரி புள்ளிக்குக் கொஞ்சம் வெளிய தள்ளிக் கோடு போட்டேன்."

"ஆமா, சரிதானே."

"எதுக்குக்கா வெளிய தள்ளணும்?"

"என்ன கேள்வி இது, தையலுக்கு விட வேணாமா?"

சொல்லி முடித்த பிறகுதான் அவள் காதில் அது விழுந்தது. சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு அவளையே பார்த்தாள். பிறகு இருவரும் சிரித்த சிரிப்பில் பெஞ்சின் ஆடுகிற கால் முறிந்தே போனது.

விஷயம் இவ்வளவுதான். துணியில் அளவுக்குக் கோடு போட்டால் அந்தக் கோட்டிலேயே வெட்ட மாட்டார்கள். தைக்கும்போது உள்ளே மடங்கிப் போக வெளியே கொஞ்சம் துணி விட்டுத்தான் வெட்டுவார்கள். அதற்குப் பெயர்தான் தையலுக்கு விடுவது. விடாமல் வெட்டினால் சட்டை உடம்பில் ஏறாது. அவள் கை பதினெட்டு வருடமாக விட்டுவிட்டுப் பழகிய கை. தாளிலும் புள்ளிக்கு வெளியே ஒரு மயிரிழை தள்ளியே கோடு போட்டது. அடுத்த அறையை அந்தக் கோட்டிலிருந்துதான் அளக்க வேண்டும், அங்கேயும் தள்ளியது. தாளில் இரண்டு மில்லிமீட்டர் போனால் கட்டடத்தில் அரைச் சாண் போச்சு. சரி, அளந்து பார்க்கும்போதாவது தெரியக் கூடாதா? தெரியாது. கண்ணும் அதே கடையில் வளர்ந்த கண். உள்ளே மடங்கப் போகிற துணியை எந்த டெய்லர் கணக்கில் சேர்ப்பான்?

மறுநாள் ஆசிரியையிடம் போய்ச் சொன்னார்கள். அவர் பழைய தாள்களை எடுத்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தார். எல்லாத் தாளிலும் ஒரே தப்பு, ஒரே பக்கம்.

"கவனம் இல்லைன்னு சொன்னேனே, அதை வாபஸ் வாங்கிக்கறேன். கவனம் இல்லாதவங்களுக்கு இவ்வளவு ஒழுங்கா தப்பு வராது" என்றார்.

தப்பு எது என்று தெரிந்துவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் பழகிய கையைத் திருத்திப் பார்த்ததில்லை. அசந்தால் கை பழைய வழிக்கே போனது. டெய்லரக்கா பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். புள்ளி வைப்பதற்குப் பதிலாகக் கவராயத்தின் முள்ளால் தாளில் ஒரு துளை குத்தினாள். பென்சில் முனை அந்தத் துளையில் சிக்கினால் கோடு சரி, சிக்காவிட்டால் விட்டுவிட்டாள் என்று அர்த்தம். சோடாபுட்டி ஒரு துண்டுத் தாளில் "விடக்கூடாது" என்று கொட்டை எழுத்தில் எழுதிப் பலகையின் மேல் ஓரத்தில் ஒட்டினாள். வகுப்புக்குள் வந்த முதல்வர் அதைப் பார்த்துவிட்டு, "இப்படித்தான் இருக்கணும் உறுதி" என்று பாராட்டிவிட்டுப் போனார். யாரும் அவருக்கு விளக்கம் சொல்லவில்லை.

படிக்கட்டுக்கு அடியில் கூட்டம் சேர ஆரம்பித்தது. கோடு வராத லாரி ஓட்டுநர் ஒருவர், கணக்கு வராத இரண்டு பையன்கள். முறிந்த காலுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்தார்கள். மணியடித்ததும் பறந்துபோகிறவள் இப்போது காவலாளி விளக்கை அணைத்துவிட்டு விரட்டினால்தான் கிளம்பினாள். வகுப்பில் புரியாததை "புரியல மேடம்" என்று சொல்லவும் வாய் வந்துவிட்டது. முன்பெல்லாம் தன் வயதுக்கு அப்படிச் சொல்வது வெட்கக்கேடு என்று நினைத்திருந்தாள்.

அங்கேதான் வந்தது வினை.

கடைக்கு வழக்கமாக வருகிற தபால்காரருக்கு இரண்டு காக்கிச் சட்டை. நல்ல பருமனான ஆள். அவள்தான் அளவெடுத்தாள், அவள்தான் வெட்டினாள். கோடு போட்டதும் கத்திரி நேராகக் கோட்டின் மேலேயே ஓடியது. தையலுக்கு ஒரு நூல்கூட விடவில்லை, இரண்டு சட்டையிலும். அண்ணி அதைக் கவனிக்காமல் தைத்தும் முடித்துவிட்டாள். தபால்காரர் போட்டுப் பார்த்தார். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து ஒரு பொத்தானை மாட்டினார். மூச்சை விட்டதும் அது தெறித்துத் தையல் இயந்திரத்தின் மேல் போய் விழுந்தது.

அவர் நல்ல மனிதர், சிரித்துக்கொண்டே போய்விட்டார். அண்ணன் சிரிக்கவில்லை.

"பதினெட்டு வருஷத்துல ஒரு துணி கெடுத்திருக்கியா நீ? இந்தப் படிப்பு உன் கையைக் கெடுத்துடுச்சு. காலேஜா, கத்திரியா, ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும்தான்."

"ரெண்டும் ஆகாது. அதை விட்டுடு. விட்டுட்டு வர்றது உனக்கு என்ன புதுசா?"

சொன்ன வேகத்தில் அவனுக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியிருக்கும். ஆனால் சொன்னது சொன்னதுதான். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழவில்லை. கழுத்திலிருந்த அளவு நாடாவைக் கழற்றி வெட்டுமேசை மேல் வைத்தாள்.

"ஸ்கூலை நானா விடலண்ணே, உனக்காக விட்டேன். அந்த வீட்டை விட்டேன், உசிரோட இருக்கணும்னு விட்டேன். இதை விடமாட்டேன். கத்திரி மேல உனக்கு நம்பிக்கை வர்ற வரைக்கும் குடுக்காத. நான் காஜா எடுக்கறேன்."

எடுத்தாள். மேஸ்திரி சொன்ன அதே காஜா. பகல் முழுக்கக் கடையின் மூலையில் பொத்தான் துளை, மாலையில் கல்லூரி. வாடிக்கையாளர்கள் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அண்ணன் அவள் பக்கம் திரும்பாமலே துணி வெட்டினான். அண்ணி ஒருநாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"உங்கண்ணனுக்குக் கோபம் இல்ல. பயம். நீ படிச்சு முடிச்சுட்டா இந்தப் பக்கம் வரமாட்டேன்னு பயம். அதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாம கத்தறாரு."

அவளுக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அண்ணனின் பயத்துக்காக இன்னொரு முறை விட முடியாது. மூலையில் உட்கார்ந்து யோசித்ததில் ஒன்று பிடிபட்டது. கையில் கோளாறு இல்லை. எங்கே இருக்கிறோம் என்று கைக்கு யாரும் சொல்லாததுதான் கோளாறு. அன்றிலிருந்து ஊசியை எடுக்கும்போது "விடணும்" என்று முணுமுணுத்தாள். பென்சிலை எடுக்கும்போது "விடக்கூடாது". வீணான துண்டுத் துணிகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு, அண்ணன் சாப்பிடப் போகிற நேரத்தில் வெட்டிப் பழகினாள். விட்டு வெட்டினாள். கல்லூரிக்குப் போய் விடாமல் வரைந்தாள். பார்க்கிறவர்களுக்குக் கிறுக்கு பிடித்துவிட்டது போலத்தான் இருந்திருக்கும்.

மறுதேர்வு நாளில் பலகையின் மேல் சீட்டு ஒட்ட அனுமதியில்லை. கண்காணிப்புக்கு வந்தவர் வேறு கல்லூரிக்காரர், அறிமுகமில்லாத முகம். கேள்வித்தாளில் ஐந்து அறை வீடு. வெளிச்சுவர் அளவு கொடுத்திருந்தார்கள். அவள் துளை குத்தினாள், முனை சிக்கியது, இழுத்தாள். முதல் அறை முடிந்தது. பக்கத்து மேசையில் யாரோ மைப்புட்டியைத் தட்டிவிட்டார்கள். எல்லோரும் திரும்பினார்கள், அவளும் திரும்பினாள். மறுபடி குனிந்து வேலையைத் தொடர்ந்தாள். இரண்டாவது அறை, மூன்று, நான்கு, ஐந்து. கடைசியில் வெளிச்சுவரை அளந்தால் தள்ளியிருந்தது.

நிதானமாகப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே வந்தாள். இரண்டாவது அறையில் துளை குத்தாமல் விட்டிருந்தாள். மை சிந்திய சமயம். அந்தக் கோட்டிலிருந்து வலது பக்கம் எல்லாமே தப்பு. பாதி வீட்டுக்கு மேல் இடிக்க வேண்டும். நேரமோ கொஞ்சம்தான் மிச்சம்.

ரப்பரை எடுத்தாள். கண்காணிப்பாளர் அருகே வந்து நின்றார்.

"என்னம்மா, இவ்வளவு நல்லா வரைஞ்சதைப் போய் அழிக்கறீங்க? இருக்கறதை அப்படியே குடுத்துடுங்க. நேரம் இல்ல, விடுங்க."

"விடக்கூடாது சார்."

"சரி, உங்க இஷ்டம்."

அழித்தாள். குத்தினாள், சிக்கியது, இழுத்தாள். உதடு மட்டும் அசைந்துகொண்டே இருந்தது. கடைசி அறைக்குள் கதவு போட நேரம் கிடைக்கவில்லை. ஆனால் வெளிச்சுவர் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே வந்து நின்றது. மணியடிக்கும் வரை ஒரு கோடுகூட நடுங்கவில்லை, அதுதான் அவளுக்குப் பெருமை.

முடிவு வந்த அன்று அறிவிப்புப் பலகை முன் சோடாபுட்டிதான் முதலில் போய் மூக்கு உரசப் பார்த்தாள். தன் எண்ணைப் பார்த்தாள். பிறகு அக்காவின் எண்ணைத் தேடினாள். இரண்டும் இருந்தன. திரும்பி வந்து கட்டிப்பிடித்துக்கொண்டாள். அந்த வழியாக வந்த வரைபட ஆசிரியை, "கதவு இல்லாத அறைக்கு மார்க் குறைச்சுட்டாங்க, தெரியுமில்ல? அடுத்த வருஷம் ஆள் உள்ள போக வழி வைங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

கடைக்குத் திரும்பியவள் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மூலையில் போய் உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். அண்ணிக்கு முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அண்ணி திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் வெட்டுமேசையில் ஒரு காக்கித் துணியை விரித்து நீவிக்கொண்டிருந்தான். தபால்காரர் மறுபடியும் சட்டைத் துணி கொடுத்திருந்தார்.

"தேறிட்டியா?"

"தேறிட்டேன்."

அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்து அவளுடைய அளவு நாடாவை எடுத்தான். அதைச் சுருட்டிப் பத்திரமாக வைத்திருந்தான். நாடாவையும் கத்திரியையும் மேசையின் அவள் பக்கத்தில் வைத்தான்.

"அந்த ஊசியைக் கீழ வை. வந்து வெட்டு. மூலையில நீ முணுமுணுக்கறது எனக்குக் கேக்காமலா இருக்கும்? துண்டுத் துணியில நீ வெட்டிப் பழகினதையும் பாத்தேன்." காக்கித் துணியை அவள் பக்கம் தள்ளினான். "இங்க விட்டு வெட்டு. அங்க விடாத."

அவள் எழுந்து வந்தாள். நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு துணி மேல் கோடு போட்டாள். கோட்டுக்கு வெளியே ஒரு விரல் தள்ளிக் கத்திரியை வைத்தாள்.